நாற்றங்காலும் அறுவடையும்

கல்லிடைக்குறிச்சியில் ஆனி மாதத்து மாலை வேளையில் வயல் வரப்பில் இறங்கி நடந்தால், கண்ணில் முதலில் படுவது நாற்றங்கால்தான். கார் சாகுபடிக்குப் பாவிய நாற்று பச்சைப் பட்டை விரித்தாற்போல் காட்சி தரும். அதை வயது வருமுன் பிடுங்கி நடுகிற விவசாயி தாமிரவருணிக் கரையில் ஒருவரும் இல்லை. வயலில் இவ்வளவு நன்றாகத் தெரிந்த உண்மையை விளையாட்டு மைதானத்தில் மட்டும் நாம் ஏன் மறந்துவிடுகிறோம்?

2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மும்பையில் ரக்பி ஆட்டத்துக்கென்று ஒரு லீக் போட்டி முதன் முதலாக நடந்தது. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளின் பிடிக்கு அகப்படாமல் ஓடும் ஆட்டம் அது. ஆறு அணிகள் கலந்துகொண்டன. 29-ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை அணி டில்லி அணியை 41-0 என்ற கணக்கில் முறியடித்தது. சென்னையின் பெயர் வெற்றிக் கோப்பையில் பொறிக்கப்பட்டதில் நமக்கும் பெருமைதான். ஆனால் ஒவ்வோர் அணியிலும் இருந்த 13 பேரில் இந்தியர் ஐவரே. மற்ற எண்மரும் வெளிநாட்டார்.

வெளிநாட்டு வீரர்களை நாம் குறை கூறவில்லை. கைதேர்ந்தவர்களின் பக்கத்தில் நின்று ஆடுவது நம் வாலிபர்களுக்கு உயர்ந்த பாடம். எனினும், அந்தப் போட்டி முழுவதும் பதினைந்தே நாளில் முடிந்துவிட்டது. ஒரு கார் நாற்றுக்கு வயது வருவதற்குக்கூட அந்த நாள் போதாது. விளைந்த கதிரை விலைக்கு வாங்கிக் களத்தில் அடுக்கினால், அதை நம் வயல் விளைச்சல் என்று சொல்லலாமா?

இதே ஆட்டத்தில் விதை விதைத்தவர்களும் உண்டு. புவனேசுவரத்தில் பழங்குடிக் குழந்தைகளுக்காக நடைபெறும் கலிங்க சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சிறுவர்கள், 2007-இல் லண்டன் மாநகரில் நடந்த பதினான்கு வயதுக்குட்பட்டோர் ரக்பிப் போட்டியில் வெற்றி கண்டு திரும்பினார்கள். அன்று முதல் ஒரிஸ்ஸாவில் அந்த ஆட்டம் வேரூன்றி வளர்ந்து வருகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1986 வரை நமது திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்திருந்த கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் போன அந்தக் கரிசல் பூமியில், ஹாக்கி தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகிறது. அரசாங்க விளையாட்டு விடுதி ஒன்றும் அங்கே இருக்கிறது. அங்கே பயின்ற மாரீசுவரன், கார்த்தி என்னும் இருவரும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானை எதிர்த்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் கார்த்தியின் கோலாகவே அமைந்தது. இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. அடுத்த வருஷம் சென்னையில் ஆசிய சாம்பியன் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் கார்த்தி இருந்தார். இதை எந்த ஏலத்திலும் எடுக்க முடியாது.

நம் பள்ளிகளில் நடப்பது என்ன? இவ்வருஷமே கோப்பை வேண்டும் என்ற ஆசையில், வயதுக்கு மீறி வளர்ந்த பையன்களையே பொறுக்கி எடுக்கிறோம். மெலிந்த பையன் வருஷம் முழுவதும் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். பதினைந்தாம் வயதில் பரீட்சையைக் காரணம் காட்டி ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். அவனுக்குள் எத்தகைய வீரன் இருந்தான் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

கல்லிடைக்குறிச்சி திலகரின் பெயரால் ஒரு வித்யாலயம் கண்ட ஊர். நாளைய தேசத்தை எண்ணி இன்றைய சிறுவர்களை வளர்ப்பது இவ்வூருக்குப் புதிதல்ல. வெள்ளிக் கோப்பை வழங்க முன்வரும் தனவந்தர்கள், அந்தப் பணத்தை ஒரு நல்ல பயிற்சியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்கட்டும். மாலையில் வீடு திரும்பும் குழந்தையிடம், "ஜயித்தாயா?" என்று கேட்குமுன், "இன்றைக்கு ஆடினாயா?" என்று பெற்றோர் கேட்கட்டும். ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், ஐந்து வருஷப் பொறுமை: நாம் வேண்டுவது இவ்வளவே.