மாமன் மடியில் மொட்டை போடும் முன்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் மூன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாயிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "தலை நின்னுடுச்சாம்மா?" நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த ஆண் குழந்தை இரண்டு, மூன்று மாதத்தில் துவண்டுபோய், பால் குடிக்க முடியாமல், வலிப்பும் கண்டால், தலைமுடியையும் தடவிப் பார்ப்பது நல்லது. வெளிறி, முறுக்கிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் போலச் சொரசொரத்து, எளிதில் ஒடிகிறதா? கன்னச் சதையும் தொங்குகிறதா? மென்கிஸ் நோயாக இருக்கலாம்.

மிக அரிய நோய் இது. 1962இல் நியூயார்க்கில் ஜான் மென்கிஸ் ஒரே குடும்பத்து ஆண் குழந்தைகள் 5 பேரிடம் கண்டு எழுதினார். காரணம் பிடிபட்டது பத்தாண்டு கழித்து, ஆட்டு ரோமத்தால்! தாமிரச் சத்தில்லாத நிலத்தில் மேய்ந்த ஆடுகளின் ரோமமும் இப்படித்தான் இருக்கும் என்பது மெல்போர்ன் மருத்துவர் டேவிட் டேங்ஸுக்குப் பொறிதட்டியது. சோதித்தால், குழந்தைகளின் ரத்தத்தில் தாமிரம் குறைவு.

உணவில் குறை இல்லை. ஏடிபி7ஏ என்ற மரபணு பழுதானதால், குடல் செல்லுக்குள் வந்த தாமிரம் ரத்தத்துக்குப் போக வழியின்றி அங்கேயே தேங்குகிறது. செம்புப் பாத்திரத்துத் தண்ணீரைப் புகட்டிப் பயனில்லை. குடலைத் தவிர்த்து, காப்பர் ஹிஸ்டிடினேட்டைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடவேண்டும். அதுவும் பிறந்த ஒரு மாதத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், அப்போதும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவில் அல்ல. அறிகுறி தெரிவதோ அதற்குப் பிறகு. முதல் சில வாரங்களில் எல்லாச் சிசுக்களுக்குமே ரத்தத்தில் தாமிரம் குறைவு என்பதால், அந்தச் சோதனையை மட்டும் நம்பவும் முடியாது.

அதனால் குடும்பக் கதைதான் கைகொடுக்கும். பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில், தாய்வழியில் வருகிறது. தாய்க்கு ஒன்றும் செய்யாது. மகன்களில் ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு. தாயின் தம்பியோ அண்ணனோ கைக்குழந்தையிலேயே வலிப்பு வந்து இறந்ததுண்டா என்று பாட்டியிடம் கேளுங்கள். "சொந்தத்துல கட்டினதால" என்ற பேச்சு இங்கே பொருந்தாது. சுமார் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளிடம் பழுது புதிதாகவே தோன்றுகிறது. மருமகளைக் குற்றம் சொல்வதும் அபத்தம்.

சந்தேகமென்றால் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. அரிய நோய்களுக்கான உயர்சிறப்பு மையம் அது. மரபணுச் சோதனையில் உறுதியானால், அடுத்த கர்ப்பத்தின்போதே சிசுவைச் சோதிக்கலாம். ஒன்று மட்டும்: குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்காரவைத்து முடியிறக்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நுண்ணோக்கியில் முறுக்கைப் பார்க்க நாலு முடி போதும்.