தறிக்காரரிடமும் கேட்கட்டும் அரசின் விருது

ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று அந்த வட்டாரம் முழுக்கப் பட்டுத்தறி ஓடும் ஊர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரான நெசவாளர் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கும்போது, எடைபோட்டு அவருடைய பாஸ்புக்கில் எழுதித் தருகிறார்கள். சேலையை நெய்து மடித்துக் கொண்டுவந்தால் மறுபடியும் தராசு. கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் கணக்குப் பார்ப்பார்கள். கரையும் முந்தியும் சரியாக வந்திருக்கின்றனவா என்று விரித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் கூலி. தராசின் முள் எங்கே நிற்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை என்று தில்லியில் பேசப்படுவது இதுதான். அரசு கொடுப்பதை, வாங்குபவர் தன் கண்ணால் சரிபார்க்க முடிய வேண்டும். நன்றாகச் செயல்படும் அரசு அலுவலகத்துக்கு நம் நாட்டில் தேசிய விருதே இருக்கிறது. அந்த விருதை முடிவுசெய்வதில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி.

பொது நிர்வாகத்தில் சிறந்து விளங்குவோருக்கான பிரதமர் விருதை மத்திய அரசு 2006-இல் ஏற்படுத்தியது. ஏப்ரல் 21, குடிமைப் பணிகள் தினத்தன்று அது வழங்கப்படுகிறது. 1947-இல் அதே தேதியில்தான் தில்லி மெட்காஃப் மாளிகையில், ஆட்சிப் பணிக்குத் தேர்வான முதல் அணியினரிடம் சர்தார் வல்லபாய் படேல் உரையாற்றினார்.

தொடக்கத்தில் தனி அதிகாரிகளும் குழுக்களும் செய்த நல்ல காரியங்களுக்கு விருது கிடைத்தது. 2014-க்குப் பிறகு பார்வை மாறியது. முன்னுரிமைத் திட்டங்களை ஒரு மாவட்டம் எப்படி நிறைவேற்றுகிறது என்பதை அளக்கத் தொடங்கினார்கள். 2021-ஆம் ஆண்டுக்கான விருதுப் பிரிவுகளில் இரண்டு, நெசவு ஊர்களுக்கு நெருக்கமானவை. ஒன்று, ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ திட்டத்தின் வழியாக வளர்ச்சி. மற்றொன்று, இடையில் ஆள் தலையீடு இல்லாமல் தொடக்கம் முதல் முடிவு வரை கிடைக்கும் சேவை. கோப்பை, பாராட்டுப் பத்திரத்தோடு 20 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. அந்தப் பணம் அதிகாரியின் பைக்குப் போவதில்லை. விருது பெற்ற மாவட்டம் அல்லது நிறுவனம் அதைத் திட்டத்துக்கோ மக்கள் நலப் பணிக்கோதான் செலவிட வேண்டும்.

தேர்வும் பல படிகளில் நடக்கிறது. மாவட்டங்கள் இணையதளத்தில் விண்ணப்பிக்கின்றன. தேர்வுக் குழுவும் வல்லுநர் குழுவும் சலித்தெடுக்கின்றன. அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு பரிந்துரைக்க, பிரதமர் ஒப்புதல் தருகிறார். இடையில் கால் சென்டர் மூலம் பயனாளிகளிடமும் கருத்துக் கேட்கிறார்கள்.

பொதுத்துறை நிறுவனங்களுக்கு வேறு அளவுகோல். 1980-களின் பிற்பகுதியிலிருந்து மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஆண்டு இலக்குகளை வைத்து அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகின்றன. ஆண்டு முடிவில் ‘மிகச் சிறப்பு’ முதல் ‘மோசம்’ வரை தரம் பிரிக்கப்படும். ஆரணிக்குப் பக்கத்திலுள்ள ராணிப்பேட்டை ஆலையை நடத்தும் பெல் நிறுவனமும் இந்த முறைக்குள் வருவதுதான்.

இந்த ஏற்பாடுகள் தேவையானவை. ஆனால் இவற்றில் பெரும்பகுதி, அலுவலகம் தன்னைப் பற்றித் தானே தரும் கணக்கில் தொடங்குகிறது. எத்தனை பேருக்குக் கடன், எத்தனை வீடு, எத்தனை இணைப்பு என்ற எண்கள் மேலே போகின்றன. அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள பட்டியல் ஊராரின் கண்ணில் பட்டதா என்பதற்கு எவ்வளவு மதிப்பெண் கிடைக்கிறதோ, அதைப் பொறுத்தே விருதின் தரமும் அமையும்.

வாங்குபவர் கையில் கணக்கைக் கொடுத்தால் நிர்வாகம் எப்படி மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் அரசு நிறுவனம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அந்த ஆண்டுக்கு எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம், இதுவரை எவ்வளவு எடுத்திருக்கிறது என்பது அதில் பதிவாகும். வந்து சேரும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. ஆரணி அரசு மருத்துவமனையில் ஒரு நெசவாளருக்குக் கிடைக்கும் மாத்திரை அட்டையும் இந்த வழியாக வருவதுதான். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே பாணியில் கழகங்களை அமைத்தன.

சட்டத்திலும் தமிழ்நாடு முந்திக்கொண்டது. தகவல் அறியும் சட்டத்தை 1997-இலேயே கொண்டுவந்த முதல் மாநிலம் இது. மத்தியச் சட்டம் வந்தது 2005-இல். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. 2009-இல் நாமக்கல் ஆட்சியராக இருந்த உ. சகாயம், தன் சொத்து விவரத்தை மாவட்ட இணையதளத்தில் வெளியிட்டார். இந்த மாநிலத்தில் ஓர் ஆட்சிப் பணி அதிகாரி அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

அவர் பிறகு கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார். 1935-இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனம், 2010-களில் பட்டுச் சேலையோடு ஒரு சிறு அட்டையை இணைக்கத் தொடங்கியது. நெய்தவரின் படம், பெயர், அந்தச் சேலைக்குப் பிடித்த நாள் எல்லாம் அதில் இருந்தன. கடையில் சேலையை விரித்துப் பார்க்கும் பெண்மணிக்கு நெய்தவரின் முகம் தெரிந்தது. இடையில் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

நாகாலாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2002-இல் சட்டம் இயற்றி, பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் போன்றவற்றின் மேற்பார்வையைக் கிராமக் குழுக்களிடம் ஒப்படைத்தது. வேலைக்கு வராத ஊழியரின் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் அதிகாரமும் அந்தக் குழுக்களுக்குக் கிடைத்தது. அந்த ஏற்பாட்டுக்கு 2008-இல் ஐ.நா. பொதுச் சேவை விருது வந்தது.

இவற்றையெல்லாம் ஆரணியில் வைத்துப் பார்த்தால், வெளிச்சம் தேவைப்படும் இடங்கள் உடனே தெரியும். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். 200 யூனிட்டாக இருந்ததை 2023-இல் உயர்த்தினார்கள். அந்தச் சலுகை பெறும் வீடுகளின் பட்டியல் தெருவாரியாக ஊருக்குத் தெரிய வேண்டும். சேலையைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதை மீறி விசைத்தறியில் நெய்ததாக எத்தனை வழக்குகள் பதிவாயின, என்ன முடிவாயின என்பதும் வெளியே வர வேண்டும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை நெசவாளர்கள் அறிய வேண்டும். ஜரிகைக்காகவே 1971-இல் காஞ்சிபுரத்தில் அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. சேலை வாங்குபவர் ஜரிகையின் வெள்ளி அளவைக் கேட்டால், சோதனை முடிவைக் காட்டும் வசதி ஒவ்வொரு பட்டு ஊரிலும் எளிதாகக் கிடைக்க வேண்டும்.

விருதுக் குழு ஒரு மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகத்தின் திரைக்காட்சியோடு நின்றுவிடக் கூடாது. பட்டியலில் உள்ள பத்து வீடுகளைத் தானே தேர்ந்தெடுத்து நேரில் போய்க் கேட்கலாம். சேவூரில் ஒரு குழித்தறி வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால், கூலி எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது, கேட்ட நூல் எத்தனை நாள் கழித்துக் கிடைத்தது, மனு கொடுத்தால் பதில் வந்ததா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பதில்களுக்குப் பாதி மதிப்பெண்ணாவது கொடுக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். ஆரணிப் பட்டு வாங்கும்போது சில்க் மார்க் வில்லையும் கைத்தறி முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள், ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். நெசவாளராக இருந்தால், திட்டப் பயனாளிகள் பட்டியலைக் கைத்தறித் துறையிடம் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.