செவ்வாய்க்கிழமை நான்கு மணியை யாருக்கு விற்பது?

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எனது தொழில். புடவைக் கடை, ஹாட்வெயார், பேக்கரி என்று எத்தனையோ கணக்குக் கொப்பிகள் எனது மேசைக்கு வந்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் வந்த ஒரு கொப்பி மட்டும் வித்தியாசமானது. தெஹிவளையில் தனது வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியையின் கொப்பி அது.

"தம்பி, பிள்ளைகள் குறையவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு இல்லை. பியானோவை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றார். கணவரை இழந்தவர். அந்தப் பியானோ தாயார் விட்டுச் சென்றது. அதைவிட்டால் அவரிடம் வேறு முதல் இல்லை.

கொப்பியைத் திறக்காமலேயே நான் புத்தி சொன்னேன்: "இன்னும் ஆறு பிள்ளைகளைச் சேருங்கள் டீச்சர்." அது பிழையான புத்தி என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது.

நல்ல தொழில்தான்

கொழும்பில் பியானோ பழகும் பிள்ளைகளில் பலர் லண்டன் பரீட்சைகளுக்காகவே பழகுகிறார்கள். 1889இல் ஆரம்பிக்கப்பட்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். சபையும் டிரினிட்டி கல்லூரியும் முதலாம் தரம் முதல் எட்டாம் தரம் வரை பரீட்சை நடத்துகின்றன. வருடத்துக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொண்டாலும், இன்று சேரும் பிள்ளை எட்டு வருடம் நிற்கக்கூடும். எட்டு வருடம் வாரம் தவறாமல் வரும் வாடிக்கையாளர் எமது கடைகளில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறார்?

செலவும் இல்லாமல் இல்லை. பியானோவில் 88 கட்டைகள், உள்ளே இருநூறுக்கும் அதிகமான கம்பிகள். கடலோர ஊரின் ஈரக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதும், சுருதி விலகும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஆள் வைத்துச் சுருதி சேர்க்க வேண்டும். இதற்கென்று மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும் பழக்கம் டீச்சரிடம் இருக்கவில்லை. பரீட்சைக்காகப் பெற்றார் தந்த பணமும் அவரது வகுப்புக் கட்டணமும் ஒரே டப்பாவில் கிடந்தன. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலக்கும் எமது வியாதிதான் இதுவும்.

கொப்பி சொன்ன கதை

இவை சிறிய ஓட்டைகள். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

பிள்ளைகள் 24 பேர். வாரத்துக்கு ஒரு வகுப்பு, 45 நிமிடம், கட்டணம் 1,500 ரூபா. நான்கு வாரத்துக்கு 96 வகுப்புகள் நடந்து 144,000 ரூபா வந்திருக்க வேண்டும். நடந்ததோ 71 வகுப்புகள். வந்தது 106,500 ரூபா. மீதி 25 வகுப்புகள் எங்கே போயின?

கலியாண வீடு, மழை, பாடசாலையில் டெஸ்ட், வீட்டுக்கு விருந்தாளி. பிள்ளை வந்தால்தான் கட்டணம், வராவிட்டால் இல்லை. 2022இல் இந்தப் பழக்கம் முற்றிப்போனதாக டீச்சர் சொன்னார். அந்த வருடம் மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரக் கீபோர்ட்டுகள் ஊமையாகின. டீச்சரின் பியானோவுக்கோ ஒரு லாம்பு வெளிச்சம் போதுமாக இருந்தது. ஆனால் எரிபொருள் வரிசையில் நிற்கும் தந்தை பிள்ளையை எப்படிக் கொண்டுவருவார்? "இன்றைக்கு வரமாட்டோம் மிஸ்" என்ற தொலைபேசி அழைப்பு அன்று நியாயமானது. நிலைமை சீரான பின்பும் அழைப்பு மட்டும் நிற்கவில்லை.

நான் சொன்னபடி இன்னும் ஆறு பேரைச் சேர்த்திருந்தால், அவர்களிலும் ஒரு பங்கு வராமல்தான் இருந்திருப்பார்கள். டீச்சரின் மாலைப்பொழுதுதான் மேலும் வீணாகியிருக்கும்.

ஒரு பக்கத் தாள்

இருவரும் இருந்து ஒரே பக்கத்தில் விதிகளை எழுதினோம். கட்டணம் தவணைக்கு 10 வகுப்புகளுக்குச் சேர்த்து 15,000 ரூபா, தவணை ஆரம்பத்தில். ஒரு நாள் முன்னதாக அறிவித்தால் தவணை முடிவில் ஒதுக்கிய ஒரு வாரத்தில் பதில் வகுப்பு உண்டு. அறிவிக்காவிட்டால் இல்லை. டீச்சர் தவறவிட்ட வகுப்பு எப்போதும் ஈடுசெய்யப்படும். விலகுவதாயின் ஒரு மாத அறிவித்தல். பரீட்சைக் கட்டணம் வேறாக, பற்றுச்சீட்டுடன்.

தாளைக் கண்டதும் பெற்றாரில் ஒருவர் கோபித்துக்கொண்டார். புறக்கோட்டையில் புடவை வியாபாரம் செய்பவர். "துணி எடுக்காத ஆளிடம் நான் காசு கேட்பதில்லையே?" என்றார்.

டீச்சர் அமைதியாகச் சொன்னார்: "உங்கள் துணியை நாளைக்கும் விற்கலாம். உங்கள் மகளுக்காக வைத்திருந்த செவ்வாய்க்கிழமை நான்கு மணியை நான் புதன்கிழமை யாருக்கு விற்பது?"

வியாபாரி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பணத்தைக் கட்டினார்.

எல்லோரும் அப்படி அல்ல. ஐந்து பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒரு பையன் எல்லோரிலும் கெட்டிக்காரன். தந்தை மாதச் சம்பளக்காரர். 15,000 ரூபாவை ஒன்றாகத் தர வழியில்லை, சொல்ல வெட்கம். டீச்சரே தொலைபேசி எடுத்து விசாரித்த பின்புதான் விடயம் தெரிந்தது. மூன்று பகுதிகளாகக் கட்ட இடம் கொடுத்தார், பையன் திரும்பி வந்தான். தவணைப் பணம் கேட்கும்போது இப்படிப்பட்ட ஒரு வீடு இருக்கும் என்பது எனக்கு முதலில் தோன்றவில்லை. தாளில் அந்த வரியையும் சேர்த்தோம்.

முடிவில் 20 பிள்ளைகள். தவணைக்கு 300,000 ரூபா. பழைய முறையில் 24 பேர் பத்து வாரத்தில் தந்தது சுமார் 266,000 ரூபாதான். நான்கு பேர் குறைந்தும் வருமானம் கூடியது, வாரத்தில் மூன்று மணித்தியாலம் மிச்சமானது. வராத பிள்ளைகளும் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள். முன்கூட்டிப் பணம் கட்டியவர் மழைக்குப் பயப்படுவதில்லை போலும்! பியானோ அதே முன்னறையில் இருக்கிறது.

இது பியானோவுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. ரியூசன் வகுப்பு, தையல் வகுப்பு, வாடகை வேன், கலியாண மண்டபம் ஆகிய எல்லாவற்றிலும் விற்கப்படுவது நேரம்தான். மாலையில் விற்காத பாணையாவது மறுநாள் பாதி விலைக்குக் கொடுக்கலாம். போன மணித்தியாலத்துக்குப் பாதி விலையும் இல்லை. நேரத்தை விற்பவராக இருந்தால், இன்றிரவு உங்கள் கொப்பியைத் திறந்து வந்தவர்களை அல்ல, வராதவர்களை எண்ணிப் பாருங்கள்.