வீட்டுக்கும் ஒரு நோட்டுப் போடுவோம்



போகி வந்தால்தான் நமக்கு வீட்டுச் சாமான் ஞாபகம் வருது. ஒட்டடைக் குச்சியை எடுக்கிறோம், பரண்மேல் கிடப்பதை இறக்குகிறோம், தூசி தட்டுகிறோம், பாதியைத் திரும்பவும் பரண்மேலேயே ஏற்றுகிறோம். மிச்சத்தைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிறோம். இல்லையென்றால் பழைய பித்தளை, ஈயம் என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொள்கிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் வீடு பழையபடியே இருக்கும்.

வீட்டை அழகுபடுத்துவது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. டி.வி.யில் காட்டுகிற வீடு மாதிரி நம்ம வீடு ஆகாது, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டில் என்ன இருக்கு, எங்கே இருக்கு, யாருடையது என்று நமக்குத் தெரியணும். தெரியாமல் இருப்பதால் பணம் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது.

பெரிய வீட்டு அறையும் நம்ம வீடும்

கானாடுகாத்தான் பெரிய வீடுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். நம்ம உறுப்பினர்களில் பலர் அந்த வீடுகளில் பெருக்கித் துடைத்து வேலை பார்க்கிறவர்கள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு வளவில் ஒரு பங்கு அறை, தனி அடுப்பு. படுக்கை, பேச்சு, விசேஷம் எல்லாம் வெளியே வளவிலும் பட்டாலையிலும்தான். அறை என்பது சாமானைப் பூட்டி வைக்கத்தான் பெரும்பாலும் பயன்பட்டது. அரண்மனை மாதிரி வீடு என்கிறோம். அங்கேயும் ஒரு குடும்பத்துக்குப் பூட்டி வைக்க இருந்த இடம் அவ்வளவுதான். அந்த மட்டில் நம்ம தொகுப்பு வீட்டுக்கும் அதற்கும் ரொம்ப வித்தியாசம் இல்லை.

அந்த அறைக்குள் எவ்வளவு சாமான்! பெண்ணுக்குக் கொடுத்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்குச் சாமான், எனாமல் சட்டி, பாய், தடுக்கு, கொட்டான் என்று கல்யாணத்தில் பரப்பி வைத்து எல்லோரும் பார்ப்பார்கள். (இவ்வளவு கொடுக்கணுமா என்பது வேறு கேள்வி. அதில் என் பதில் உங்களுக்குத் தெரியும்.) நான் சொல்ல வருவது வேறு. அந்தச் சாமானுக்குப் பட்டியல் இருந்தது. பாத்திரத்தில் பெயர் எழுத்து வெட்டியிருக்கும். இது யாருடையது, எத்தனை, எந்தப் பெட்டியில் என்று ஆச்சிமார்களுக்குத் தெரியும். அதனால்தான் ஓர் அறைக்குள் அத்தனையும் அடங்கியது.

பிறகு என்ன ஆச்சு? 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், கொண்டுவிற்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பர்மா விடுதலை ஆன பிறகு அங்கே இருந்த நிலமும் போனது. குடும்பங்கள் சென்னை, மலேசியா, சிங்கப்பூர் என்று சிதறின. அறைகள் பூட்டியபடி கிடந்தன. பட்டியல் எழுதினவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளி என்றால் யார் வந்து திறந்து பார்ப்பது? பல வீடுகளில் சாமான் மொத்தமாக வியாபாரிகளிடம் போனது. சில வீடுகள் தூண், நிலை, கதவோடு பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். நம்ம பக்கத்து வீடுகளில் அடுப்படியில் கிடந்த எனாமல் தூக்கும், மரவையும், மரப்பெட்டியும் கடையில் தனித்தனி விலையோடு நிற்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அதற்கு முன்பே நிறைய போய்விட்டது.

தன் வீட்டில் என்ன இருக்கு என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. வாங்க வந்தவருக்குத் தெரிந்திருந்தது. நம்ம வாசலில் நிற்கும் பழைய சாமான்காரர் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. பாட்டி வைத்திருந்த வெண்கலப் பானையை அவர் தராசில், அவர் சொன்ன எடைக்குப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் குடத்தோடு சந்தோஷமாக உள்ளே போகிறோம். இனிமேல் போடுவதற்கு முன்னால் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றுக்கும் ஒரே விலை கிடையாது. எனாமல் சட்டியையும் பழைய மரப்பெட்டியையும் எடைக்குப் போடவே போடாதீர்கள்.

அதற்காகப் பழசெல்லாம் பொக்கிஷம் என்று நினைத்துவிடக் கூடாது. நான் பார்த்தவரை நம்ம வீடுகளில் இடத்தை அடைப்பது பாட்டி சாமான் இல்லை. 2006-க்குப் பிறகு கொடுத்த கலர் டி.வி., 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மொய்யில் வந்த ஒரே மாதிரி ஏழு எவர்சில்வர் தாம்பாளம், கைப்பிடி போன குக்கர், ஒற்றைச் செருப்பு. ஓடாத டி.வி.யை உடைக்க வேண்டாம், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கு. ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது. போகியில் டயர், பிளாஸ்டிக் கொளுத்துவதும் அப்படித்தான்.

கட்டிலுக்கு அடியில் தொடங்குங்கள்

எல்லோரும் பரணில் தொடங்குகிறார்கள். பரண் கடைசியில் இருக்கட்டும். தரையில் கிடப்பதுதான் ஆபத்து. நெல் மூட்டையும் அரிசிச் சாக்கும் தரையில் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். விறகைச் சுவரோடு சாத்தி அடுக்கினால் தேளுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்த இடம் சில சமயம் வலிக்கவே வலிக்காது, வீங்கவும் வீங்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கும், கண் இமை சொருகும். பச்சிலை கட்டி நேரத்தைப் போக்காமல் 108-க்குப் போன் பண்ணி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கு.

மூட்டையை நாலு செங்கல் வைத்துப் பலகை மேல் ஏற்றுங்கள். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடம் விடுங்கள். நெல்லில் நொச்சி, வேப்பிலை காயவைத்துப் போடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். விறகு வாசலைத் தாண்டி இருக்கட்டும்.

கொல்லைப்புறத்தில் கிடக்கிற சிரட்டை, உடைந்த குடம், பழைய டயர் இவற்றில் தேங்குகிற நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு, பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பத்தாது, தொட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவணும். ஒட்டிக்கொண்ட முட்டை காய்ந்தாலும் பல மாதம் சாகாது. வாரம் ஒரு நாள், கூட்டம் நடக்கிற நாளிலேயே இதை வைத்துக்கொண்டால் மறக்காது.

அடுப்படி பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தருவது அதிகப்பிரசங்கித்தனம். ஒன்று மட்டும். தினமும் எடுப்பது கைக்கு எட்டும் இடத்தில், விசேஷத்துக்கு எடுப்பது மேலே. நம்ம வீடுகளில் இது தலைகீழாக இருக்கு. மூன்று வருஷமாக யாரும் தொடாத தாம்பாளம் முன்னால் பளபள என்று நிற்கும், தினம் பொங்கும் பானை மூலையில் இருக்கும்.

சின்னச் சாமானுக்குக் கொட்டானை மறந்துவிட்டோம். திரி, நூல், ஊசி, மாத்திரை, சில்லறை ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டான் இருந்தது. பிளாஸ்டிக் டப்பா வந்ததும் பின்னுவதை விட்டார்கள். பிறகு விசாலாட்சி ராமசாமி அவர்களின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை நம்ம பக்கத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி பின்ன வைத்தது. இப்போது செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. வெளியூர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள், நம்ம வீட்டில் மாத்திரை கேரி பேக்கில் தொங்குது.

தகரப் பெட்டியும் பாஸ்புக்கும்

எனக்கு அதிகக் கவலை காகிதம் பற்றித்தான். ஒரு குழுவில் நடந்தது. உறுப்பினரின் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். காரியத்துக்காக வீட்டை ஒதுக்கும்போது அரிசி டின்னுக்கு அடியில் அவருடைய பாஸ்புக் கிடைத்தது. ஊக்குநர் புரட்டிப் பார்த்தபோது வருஷா வருஷம் 436 ரூபாய் பிடித்தம் இருந்தது. அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். அவர் கையெழுத்துப் போட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது. டின்னை நகர்த்தாமல் இருந்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது.

இன்றைக்கே வீட்டில் உள்ள எல்லாப் பாஸ்புக்கையும் வங்கியில் பதிவு போட்டு வாங்கிப் பாருங்கள். மே, ஜூன் மாதத்தில் 436 ரூபாய் போயிருக்கா, 20 ரூபாய் போயிருக்கா? 20 ரூபாய் என்றால் அது விபத்துக் காப்பீடு. 2022 ஜூனுக்கு முந்தைய வருஷங்களில் 330, 12 என்று இருக்கும். ஒருவர் இறந்தால் 30 நாளுக்குள் வங்கியில் விண்ணப்பம் கொடுப்பது நல்லது. நாள் கடந்திருந்தாலும் போய்க் கேளுங்கள்.

நகைக் கடன் சீட்டும் இப்படித்தான். சீட்டு எங்கே என்று தெரியாது, தவணை தேதி தெரியாது, ஏல நோட்டீஸ் வந்த பிறகு ஓடுகிறோம். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, காப்பீட்டு அட்டை, சீட்டுகள் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இருக்கட்டும். பெட்டி மண் தரையில் இருந்தால் கரையான் வரும், செங்கல் மேல் வையுங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை. பூச்சிக்கு வசம்பு போடலாம்.

இப்போது நோட்டு விஷயம். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று குழுவுக்கு இத்தனை எழுதுகிறோம். ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறோம். வீட்டுக்கு ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் காகிதங்கள்: என்ன காகிதம், எங்கே, அடுத்த தேதி எப்போது. அடுத்த பக்கங்களில் நகையும் பாத்திரமும்: யார் கொடுத்தது, யாருடையது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதும்.

யாருடையது என்று எழுதுவதில் சங்கடம் இருக்கு என்று எனக்குத் தெரியும். மாமியார் என்ன நினைப்பார், வீட்டுக்காரர் கோபப்படுவார். ஆனால் பெண்ணுக்கு வந்த சீர் அந்தப் பெண்ணுடைய சொத்து, புகுந்த வீட்டில் இருப்பதால் அவர்களுடையது ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் 1985-ல் சொல்லிவிட்டது. அதே வருஷம் அக்டோபர் 2 முதல் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு விதி வந்தது. கல்யாணத்தில் வந்த அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி வைக்கணும்: என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, யார் கொடுத்தார், அவர் என்ன உறவு. பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடணும், தெரியாதவர்கள் படித்துக் காட்டச் சொல்லிக் கைநாட்டு வைக்கலாம். கேட்டுப் பெறும் வரதட்சணையை இந்தப் பட்டியல் சரியாக்கிவிடாது, அது குற்றம்தான். உங்கள் மகளுக்குக் கல்யாணம் என்றால் மொய் நோட்டுப் போடுகிற அன்றே இதையும் எழுதுங்கள். மருமகள் வருகிறாள் என்றாலும் எழுதுங்கள், அவளுடைய பெட்டியை அவளைக் கேட்காமல் ஒதுக்காதீர்கள்.

இந்த நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம், என்னிடமும் காட்ட வேண்டாம். குழுவில் இத்தனை பேர் எழுதிவிட்டோம் என்று மட்டும் பிரதிநிதி சொன்னால் போதும். நோட்டு எங்கே இருக்கு என்று வீட்டில் நீங்கள் நம்புகிற ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.