அப்பாவின் கையெழுத்து!

அப்பா கொடுத்த செக் பாங்கிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அது எங்கள் குடும்ப வழக்கம். 'கையெழுத்து சேரவில்லை' என்று எழுதியிருந்தார்கள்! முப்பது வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தவரின் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகியிருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, "பார்க்கின்ஸன். மூளையில டோபமைன் சுரக்கிற செல்லெல்லாம் குறைஞ்சுகிட்டு வருது" என்றார்.

பக்கத்து செல்கள் எல்லாம் தேமே என்று இருக்க, இவை மட்டும் ஏன் சாகவேண்டும்? நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஒரு பாங்கின் எல்லா பிராஞ்சிலும் ஒரே ரூல் புத்தகம்தானே? அது போல, மூளை செல்லிலும் சரி, கல்லீரல் செல்லிலும் சரி, ஒரே டி.என்.ஏ.தான். சுமார் 20,000 ஜீன்கள். யார் எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். திறந்த பக்கத்துக்கு ஒரு நகல் எடுக்கப்படும். அதன் பெயர் ஆர்.என்.ஏ. நகல் எங்கே இருக்கிறதோ, அங்கே அந்த ஜீன் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதை வைத்து மூளைக்கே மேப் போடலாம். மைக்ரோஸாஃப்ட்டை பில் கேட்ஸுடன் சேர்ந்து ஆரம்பித்த பால் ஆலன், 2003-ல் பத்து கோடி டாலர் கொடுத்தார். சியாட்டில் நகரில் சுண்டெலி மூளையைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, ஜீன் ஜீனாகத் தேடினார்கள். 2006-ல் மேப் ரெடி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது!

அடுத்து, மனித மூளை. 2022-ல் அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட் விஞ்ஞானிகள், இறந்தவர்களின் மூளையிலிருந்து டோபமைன் செல்களை எடுத்து, திறந்திருக்கும் ஜீன்களை வைத்துப் பத்து ரகமாகப் பிரித்தார்கள். பார்க்கின்ஸனில் அதிகமாகச் சாவது அதில் ஒரே ஒரு ரகம்! ஏ.ஜி.டி.ஆர்.1 என்ற ஜீன்தான் அதன் அடையாளம்.

இது மருந்து இல்லை ஸார். குணமாகிவிடும் என்று நான் கதை விடமாட்டேன். ஆனால், எந்த செல்லைக் காப்பாற்றவேண்டும் என்று இப்போது தெரிகிறது.

அப்பாவிடம் சொன்னேன்.

"டாலி ஆகாத ஐட்டம் எதுன்னு கண்டுபிடிச்சுட்டான், அவ்வளவுதானே? இனிமேதான்டா வேலையே இருக்கு" என்றார்.

பிறகு பாங்கில் கொடுத்த புது கார்டை இழுத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சின்னதாக.