தன்னைத் தேடுவோனும் துணைநிற்போனும்

எந்தத் தொழிலைக் கைக்கொள்வது, எந்த ஊரில் குடியிருப்பது, யாரோடு இல்லறம் நடத்துவது என்ற கேள்விகளெல்லாம் ஒருவாறு தீர்ந்துபோன பின்னரும், ‘நான் யார், எதன் பொருட்டு இவ்வுலகில் வந்தேன்’ என்னும் வினா மட்டும் தீராமல் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருப்பது மானிட இயல்பு. அவ்வினாவோடு வருகிறவனுக்குப் பிரசங்கம் மட்டும் போதாது, அவன் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் ஒரு துணையும் வேண்டும் என்பதைக் கிறிஸ்தவ சமயம் தொன்றுதொட்டே உணர்ந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் தவம் புரிந்த முதிய துறவிகளை இளந்துறவிகள் நாடிச் சென்று, தம் மனத்தில் எழும் எண்ணங்களை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்து, ஆலோசனைக்காகக் காத்திருந்தார்கள். இன்று ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ‘கிறிஸ்தவக் கோச்சிங்’ என்ற பெயரால் அந்தத் துணை ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கேரி காலின்ஸ் என்ற உளவியல் அறிஞர் அப்பெயரிலேயே 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆயினும் இக்கலைக்குத் தெளிவான இலக்கணம் வகுத்தவர்களுள் தலைசிறந்தவர், பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரே ஆவார்.

ஸ்பெயின் தேசத்து லொயோலா கோட்டையில் 1491இல் பிறந்த அவர், முதலில் வீரத்தையும் கீர்த்தியையுமே விரும்பிய ஒரு பிரபு குமாரர். 1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பாம்ப்லோனா நகரத்துப் போரில் பீரங்கிக் குண்டொன்று அவர் காலை முறித்தது. எலும்பு கோணலாகக் கூடித் துருத்திக்கொண்டு நின்றபோது, அக்காலத்து நாகரிகக் காலணி அணிய அது தடையாகும் என்பதற்காகவே, அதை அறுத்து எடுக்கச் சொல்லி அந்தக் கொடிய வேதனையைத் தாங்கினார் என்றால் அவரது அன்றைய மனப்போக்கை ஊகித்துக்கொள்ளலாம். படுக்கையில் பொழுது போகாமல் வீரக் கதைகள் கேட்டார்; வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் சரித்திரமும் அர்ச்சிஷ்டவர்களின் சரித்திரமும்தாம். ஒரு சமயம் உயர்குலப் பெண்ணொருத்திக்காகத் தாம் செய்யப்போகும் சாகசங்களைக் கற்பனை செய்வார். மற்றொரு சமயம் அந்த அர்ச்சிஷ்டவர்களைப்போல் தாமும் நடப்பதாகக் கற்பனை செய்வார். இரண்டும் அப்போதைக்கு இன்பமாகவே இருந்தன. ஆனால் முன்னது கலைந்தபின் உள்ளம் வறண்டு கிடந்ததையும், பின்னது கலைந்தபின்னும் நிறைவு நீங்காமல் நின்றதையும் ஒருநாள் அவர் கவனித்தார். அந்தச் சிறு கவனிப்பிலிருந்தே, மன அசைவுகளை ஆராய்ந்து இறைவனின் சித்தத்தைத் தேர்ந்து தெளியும் முறை அனைத்தும் கிளைத்தது.

அடுத்த ஆண்டு மன்ரேசா என்னும் சிற்றூரில் ஜெபத்திலும், தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோன மனச்சஞ்சலத்திலும் பல மாதங்கள் கழித்த அவர், தாம் அனுபவத்தில் கண்டவற்றைக் குறிப்புகளாக எழுதலானார். அக்குறிப்புகளே ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலாகி, 1548இல் மூன்றாம் பவுல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றன. முதலிலிருந்து கடைசிவரை படித்து மூடிவைக்கும் நூலன்று அது. பயிற்சி கொடுப்பவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கையேடு. ஏறக்குறைய முப்பது நாள் ஞான ஒடுக்கத்தில், பயிற்சி பெறுபவர் மௌனம் காத்து, நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் தியானித்து, தம் பாவத்தையும் இறைவனின் இரக்கத்தையும், பின்னர்க் கிறிஸ்துவின் வாழ்வையும் பாடுகளையும் உயிர்ப்பையும் படிப்படியாகச் சிந்திக்கிறார். அலுவல்களை விட்டு வர இயலாதவர்களும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலிருந்தபடியே இப்பயிற்சியைச் செய்யலாம் என்று இஞ்ஞாசியாரே வழிவகுத்திருக்கிறார்.

இந்நூலில் என் உள்ளத்தை மிகவும் கவர்வது, வழிகாட்டிக்கு அவர் விதிக்கும் கட்டுப்பாடு. தியானத்துக்குரிய பொருளை வழிகாட்டி சுருக்கமாகச் சொல்லி நிறுத்திவிட வேண்டும். ஏனெனில் பிறர் விரித்துரைத்ததைக் கேட்பதைவிடத் தானே கண்டுகொண்டதே ஆன்மாவுக்குச் சுவையும் பலனும் தரும். வந்தவரின் அந்தரங்கப் பாவங்களைத் துருவிக் கேட்கலாகாது; அவருள் எழும் மன அசைவுகளை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். அவர் சோர்ந்திருந்தால் கடிந்து பேசாமல் இதமாகத் தேற்ற வேண்டும். ஆனந்த மிகுதியில் திளைத்திருந்தாலோ, அவசரப்பட்டு எந்த வாக்குறுதியும் கொடுத்துவிடாதபடி தடுக்க வேண்டும். துறவறமே மேல் என்று வழிகாட்டி நம்பினாலும், பயிற்சிக் காலத்தில் அந்தப் பக்கம் அவரைத் தூண்டக் கூடாது. தராசு முள்ளைப்போல் எப்பக்கமும் சாயாமல் நடுவில் நின்று, படைத்தவர் தம் படைப்போடு நேரே பேசும்படி விட்டுவிடுவதே வழிகாட்டியின் கடமை.

இவ்விதி நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்குப் பீட்டர் ஃபேபரின் வரலாறு சான்று. சவாய் நாட்டு மலைப்புறத்தில் 1506இல் பிறந்து, சிறுவயதில் ஆடு மேய்த்த ஃபேபர், பாரிஸ் நகரத்தில் பிரான்சிஸ் சவேரியாரோடு ஒரே அறையில் தங்கிக் கல்வி பயின்றார். 1529இல் அவ்வறைக்கு வந்து சேர்ந்த இஞ்ஞாசியாருக்கு அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு ஃபேபருக்கு வாய்த்தது. பாடம் சொன்னவரே விரைவில் ஆன்ம விஷயத்தில் மாணவரானார். திருமணம் செய்துகொள்வதா, வைத்தியம் கற்பதா, வழக்கறிஞராவதா, கல்லூரியில் ஆசிரியராக இருப்பதா, வேதசாஸ்திர பண்டிதராவதா, மடத்தில் சேர்வதா என்று தம் மனம் ஓயாமல் அலைந்ததை ஃபேபரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு, எதைச் செய்தாலும் பாவமோ என்ற சந்தேகமும் அவரை வாட்டியது. இஞ்ஞாசியார் அவருக்காக எதையும் தீர்மானிக்கவில்லை. வாராந்தரப் பாவசங்கீர்த்தனத்தையும் அன்றாட ஆன்ம சோதனையையும் பழக்கிவிட்டு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். 1534ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செய்ன் நதி உறைந்து அதன்மேல் வண்டிகள் ஓடிய கடுங்குளிரில்தான் ஃபேபர் முழுப் பயிற்சியையும் மேற்கொண்டார். ஆர்வ மிகுதியால் ஆறு நாள் உணவின்றியும் நெருப்பின்றியும் அவர் இருந்தபோது, அதை அறிந்த இஞ்ஞாசியார் நெருப்பு மூட்டிக்கொள்ளவும் உண்ணவும் சொன்னார். அவ்வாண்டே ஃபேபர் குருப்பட்டம் பெற்றார். நெடுநாள் அலைந்த மனம் நிலைகொண்டது.

அலையும் மனத்துக்கு இஞ்ஞாசியார் தரும் யோசனைகள் எக்காலத்துக்கும் பொருந்துவன. மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், தெளிந்திருந்தபோது செய்த சங்கற்பத்தை மாற்றலாகாது. ஜெபத்தைச் சற்று நீட்டிப் பொறுத்திருக்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வோமோ, அதையே நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். மரணப் படுக்கையில் இருப்பதாக எண்ணி, இன்று எதைத் தேர்ந்துகொண்டிருந்தால் அன்று மனம் மகிழும் என்று பார்க்க வேண்டும்.

அன்றாட ஆன்ம சோதனையோ எவரும் கைக்கொள்ளத் தக்க எளிய பயிற்சி. இரவில் படுக்கப் போகுமுன் கால்மணி நேரம் அமர்ந்து, முதலில் அன்றைய நன்மைகளுக்காக நன்றி சொல்ல வேண்டும். அடுத்து, உண்மையைக் காணும் அருளைக் கேட்க வேண்டும். காலைமுதல் நடந்தவற்றை மணிக்கு மணி நினைத்துப் பார்த்து, குற்றங்களுக்கு மன்னிப்பு வேண்டி, நாளைக்குரிய ஒரு தீர்மானத்தோடு முடிக்க வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் புகழ்ந்தது ஏன் ஒரு மணி நேரத்தில் கசந்தது, நோயுற்ற அண்டை வீட்டாரைப் பார்த்துவந்தது ஏன் மாலைவரை இனித்தது என்று சில வாரம் கவனித்து வருகிறவருக்குத் தம் இயல்பும் அழைப்பும் தாமே புலப்படத் தொடங்கும்.

இஞ்ஞாசியாரின் இப்பயிற்சி முறை தமிழ் மண்ணுக்கும் அந்நியமன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் பாரிஸில் இஞ்ஞாசியாரிடமே இதைப் பெற்றவர். இராபர்ட் தெ நொபிலியும் ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவரும் இதில் உருவானவர்களே. ஆனால் குருமாருக்கு மட்டுமே உரியதென்று இதை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. இன்று பொதுநிலையினரான ஆண்களும் பெண்களும் இதைப் பெறுகிறார்கள், பிறருக்குக் கொடுக்கவும் செய்கிறார்கள்.

கோச்சிங் என்ற புதுப்பெயரோடு வரும் துணையையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுவது நலம். வாழ்வின் நோக்கத்தை மூன்றே அமர்வில் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்பவரையும், தம் விருப்பத்தையே இறைவன் விருப்பமென்று உரைப்பவரையும், தம்மைக் கேளாமல் எதையும் செய்ய வேண்டாமென்பவரையும் விட்டு விலகுவதே விவேகம். மனநோயின் அறிகுறி தென்படுகையில் மருத்துவரிடம் அனுப்பத் தெரியாதவரும் நல்ல துணை ஆகார்.

ஃபேபர் பிற்காலத்தில் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் ஊர் ஊராகச் சென்று பலருக்கு வழிகாட்டினார். 1543இல் மைன்ஸ் நகரில் அவரிடம் பயிற்சி பெற்ற பீட்டர் கனீசியார் பின்னர் திருச்சபையின் மறைவல்லுநருள் ஒருவரானார். பயிற்சி கொடுப்பதில் தம் தோழர் அனைவரிலும் ஃபேபருக்கே முதலிடம் என்று இஞ்ஞாசியார் கருதினார். 1546இல் மறைந்த ஃபேபர் 2013இல்தான் அர்ச்சிஷ்டவராக அறிவிக்கப்பட்டார். தம் மனம் தெளியப் பிறர் நான்கு ஆண்டு காத்திருந்ததை அனுபவித்தவர் ஆதலால், பிறர் மனம் தெளியுமட்டும் காத்திருப்பது அவருக்குக் கடினமாக இருந்திராது. துணை தேடுகிறவர்கள் ஒருவரது பட்டங்களையும் பேச்சுத் திறமையையும் பார்ப்பதற்கு முன், இப்படிக் காத்திருக்க அவருக்குத் தெரியுமா என்பதையே பார்க்க வேண்டும்.