பழம் கப்பலேறிற்று, நஞ்சு மண்ணிலே தங்கிற்று!

தோழர்களே, வாழைப்பழத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "வாழைப்பழத்திலே என்னய்யா அரசியல்?" என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். கேட்கட்டும்! தேநீர்க்கடை வாயிலிலே தொங்கும் தாரைப் பற்றியல்ல இந்தப் பேச்சு. குளிர்பெட்டியிலே படுத்து, கடல் கடந்து, அயல்நாட்டு அங்காடியிலே கண்விழிக்கும் பழத்தைப் பற்றியது.

கம்பம் பள்ளத்தாக்கிலே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து சோடா குடித்துக்கொண்டிருந்தபோது, ஏற்றுமதிக்குப் பழம் கட்டும் கொட்டகையிலே வேலை செய்யும் தோழர் ஒருவர் அருகே வந்தார். கையை நீட்டினார். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. "பழத்துல மருந்து இருக்கான்னு அணுவணுவாச் சோதிக்கிறாங்கண்ணே. எங்க உடம்புல இருக்கான்னு யாரு சோதிக்கிறா?" என்றார்.

மேடையிலே ஒரு மணி நேரம் பேசிய எனக்கு, அந்த ஒரு வரிக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் மார்த்தினிக் தீவின் கதை நினைவுக்கு வந்தது.

கரீபியக் கடலிலே மார்த்தினிக், குவாதலூப் என்று இரு தீவுகள். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டவை. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அடிமை போனான், கரும்பு போகவில்லையே! வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே! எங்கே தேடினார்கள்? புதுச்சேரியிலும் காரைக்காலிலும்! 1853 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக நம்மவர் ஏற்றப்பட்டனர். மார்த்தினிக்கின் வடகோடியிலே பாஸ்-புவாந்த் என்றோர் ஊர். அந்தத் தமிழ்க் கூலிகளின் கொள்ளுப்பேரர்கள் மிகுதியாக வாழும் வட்டாரம் அது. எமே செசேர் என்னும் பெருங்கவிஞர் 1913-இல் பிறந்ததும் அங்கேதான். பின்னாளிலே கரும்பு இருந்த இடத்திலே வாழை வந்தது. பிரான்சு நாட்டு மேசைக்குப் போகும் வாழை.

வாழைக்கு ஒரு பகைவன் உண்டு; நம் விவசாயிக்கும் தெரிந்தவன்தான் - கிழங்குக் கூன்வண்டு. மரத்தின் அடியிலே முட்டையிடும். புழு கிழங்கைக் குடைந்து குடைந்து தின்னும். மேலே பார்த்தால் பச்சைப் பசேலென்றிருக்கும் மரம், ஒரு காற்றுக்குத் தாரோடு சாயும். அதைக் கொல்ல வந்தது குளோர்டெகோன் என்னும் நஞ்சு. 1969-இல் பிரெஞ்சு வல்லுநர் குழு அதை வேண்டாமென்று மறுத்தது. மறுத்த நஞ்சுக்கே 1972-இல் 'தற்காலிக' அனுமதி! அந்தத் தற்காலிகம் எத்தனை காலம் நீண்டது தெரியுமா? இருபத்தோராண்டு! ஏறத்தாழ முந்நூறு டன் நஞ்சு இரு தீவுகளின் மண்ணிலே இறங்கியது. மரத்தின் தூரிலே பொடியாகத் தூவியவர்கள் தொழிலாளர்கள். பலருக்குக் கையுறைகூடக் கிடையாது.

தொழிலாளர்களுக்குத் தெரியாதா? தெரியும்! கற்றவர்க்கு முன்னமே தெரிந்தது. 1974 தொடக்கத்திலே மார்த்தினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர். கூடவே, நச்சுமருந்துகளை நிறுத்து என்றும் கேட்டனர். பிப்ரவரி 14 அன்று பாஸ்-புவாந்த் அருகே ஷால்வே என்ற இடத்திலே காவற்படை சுட்டது. ரெனோர் இல்மனி என்ற தொழிலாளி மாண்டார். இரண்டு நாள் கழித்துக் கடற்கரையிலே ழோர்ழ் மாரி-லூயி என்ற பத்தொன்பது வயது இளைஞனின் சடலம் கிடந்தது.

மறு ஆண்டு, 1975. அமெரிக்காவிலே ஹோப்வெல் நகரிலே இதே நஞ்சைத் தயாரித்த தொழிற்சாலையில் தொழிலாளர்களின் கைகால்கள் நடுங்கின, பார்வை தடுமாறியது. ஆலை மூடப்பட்டது. ஜேம்ஸ் ஆற்றிலே மீன்பிடிப்பதற்குத் தடை விழுந்தது. அமெரிக்கா கைகழுவியது. 1979-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், இது புற்று உண்டாக்கக்கூடும் என்றது. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் தீவுகளைப் புயல் தாக்கியது; சாய்ந்த தோட்டத்திலே வண்டு பெருகியது. 1981-இல் மீண்டும் அனுமதி! 1990-இல் பிரான்சு அனுமதியை நீக்கியது. எனினும் தீவுகளுக்கு மட்டும் சலுகை; 1993 வரை தூவலாமாம்!

இதிலே இன்னொரு கொடுமை கேளுங்கள். இந்த நஞ்சு வாழைப்பழத்துக்குள் ஏறுவதில்லை. மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், வேரோடு நிற்கும். ஆகவே பாரிசு நகரத்தான் தின்ற பழம் தூய்மையானது! தோட்டத்திலே வேலை செய்தவன் வீட்டுக் கொல்லையிலே நட்ட சேனைக்கும் சேம்புக்கும் வள்ளிக்கிழங்குக்கும்தான் நஞ்சு ஏறியது. மழை அதை ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று. ஆறு கடலுக்குக் கொடுத்தது. மீனவன் வலைக்கும் வந்தது. பழத்தைச் சோதித்தால் 'சுத்தம்' என்றுதான் சான்று வரும். கம்பத்துத் தோழர் கேட்டதும் இதுதானே?

2013, 2014 ஆண்டுகளிலே எடுத்த ஆய்விலே, இரு தீவுகளிலும் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்திலே குளோர்டெகோன் இருந்தது. தோட்டத்துக்கே போகாத ஆசிரியரும் எழுத்தரும் அதிலே அடக்கம். இந்த நஞ்சினால் வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயை, தோட்டத் தொழிலாளரின் தொழில்நோய் என்று 2021 டிசம்பரிலே பிரெஞ்சு அரசு ஏற்றது. குற்ற வழக்கை மட்டும் 2023 சனவரியிலே நீதிபதிகள் யாரையும் தண்டிக்காமலே மூடினர். நெடுங்காலம் ஆகிவிட்டதாம்! தாமதித்தவர் யார், தண்டனை அடைந்தவர் யார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"சரி, நஞ்சில்லாமல் வாழை விளையுமா? ஏற்றுமதி செய்ய முடியுமா?" என்று தோட்ட முதலாளி கேட்பார். விளைகிறது! அதே தீவுகளிலே விளைகிறது. 2008-இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். பழைய வாழையை அடியோடு எடுத்துவிட்டு ஓராண்டு நிலத்தை ஆறப்போடுவது, அல்லது கரும்பும் அன்னாசியும் மாற்றிப் பயிரிடுவது. உணவில்லாத வண்டும் நூற்புழுவும் பட்டினியால் குறையும். பிறகு, பூச்சி ஏறாத திசுவளர்ப்புக் கன்று நடுவது. வண்டைப் பிடிக்க, அதன் மணத்தையே இரையாக வைத்த பொறி. வரிசைக்கு நடுவே மூடுபயிர், களைக்கொல்லிக்கு வேலையில்லை. இலைப்புள்ளி நோய்க்கு, நோயுற்ற இலையை ஆள் போட்டு அறுப்பது. மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தது. ஆள்வேலை கூடிற்று என்பதும் உண்மை. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தானே அன்று பொடியைத் தூவினார்கள்!

நம் ஊரிலே ஜி-9 என்கிறோமே, அது அந்தத் தீவுகளிலே விளையும் கிராண்ட் நைன் வாழைதான். நம் விவசாயிக்கு மணப்பொறி வாங்கக் காசில்லையென்றால், வாழைத்தண்டை நீளவாக்கிலே பிளந்து, பிளந்த பக்கம் தரையிலே படும்படி தோட்டத்திலே ஆங்காங்கே போட்டால், வண்டு அதிலே வந்து கூடும். பொறுக்கி எடுத்துக் கொல்லலாம். கன்றை நடுமுன் கிழங்கின் அழுகலையும் வேரையும் சீவிவிட்டால் புழு உடன் வராது. நம் கிராமத்திலே பெரியவர்களுக்குத் தெரிந்த வேலைதான். வெட்டிய தாருக்குப் பின் தூரை அப்படியே விட்டுவைப்பதுதான் வண்டுக்கு நாம் கட்டித்தரும் வீடு.

இவ்வளவும் செய்தாலும் மார்த்தினிக் மண்ணிலே பழைய நஞ்சு போகவில்லை. பல தலைமுறைகளுக்கு இருக்கும் என்கிறார்கள். அங்கே கிழங்கு பயிரிடுகிறவன் இன்று முதலிலே மண்ணைச் சோதனைக்கு அனுப்புகிறான். நஞ்சு மிகுந்திருந்தால் சேனையை விட்டுத் தக்காளி, அவரை நடுகிறான்.

சென்ற மாதம் மீண்டும் கம்பம் போனேன். அந்தத் தோழரைத் தேடிப் பிடித்து இந்தக் கதையைச் சொன்னேன். 1974 வேலைநிறுத்தம் வரை வந்ததும் நிறுத்தி, "கேட்டாங்களே, நச்சுமருந்தை நிறுத்தச் சொல்லி, நிறுத்துனாங்களாண்ணே?" என்றார்.

"நிறுத்தினார்கள். பத்தொன்பது ஆண்டு கழித்து" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, கொட்டகையிலே வேலை செய்யும் மற்றவர்களைக் கூப்பிட்டு வரட்டுமா, அவர்களிடமும் இதைச் சொல்வீர்களா என்று கேட்டார்.